மாமா மேற்கேதான் போனார்

போன ஞாயிறு மதியம் பட்டினப்பாக்கத்தில் மாமா வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். தயிர் இல்லை என்று மாமி சொல்ல, மாமா எழுந்து செருப்பைத் தேடினார். நம் சின்னவன் வாயில் மீனை வைத்துக்கொண்டே, "மாமா, கட தெருமொனைலதான் கீது. வழி தெரியலன்னா போன் பண்ணு, நான் வந்து கூட்டிக்கினு வரேன்" என்றான். பெரியவளுக்குச் சிரித்ததில் புரையேறியது. மாமியும் சிரித்தாள். மாமா வாசலில் நின்று, "கண்டிப்பா பண்றேன் நைனா, போன கைலயே வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். அதற்குள் அவர் தெருவில் நடந்து போகிற முதுகு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அதற்குமேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிள்ளைகளே, உங்களைத் திட்ட இதை எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்த கதை இதுதான்: மாமா வெளிநாட்டில் வழி தவறிப் போய்விட்டார், சர்க்கரை இறங்கி மயங்கிவிட்டார், அப்பாதான் தேடிக் கண்டுபிடித்தார். இந்தக் கதையை முதன்முதலில் சொன்னவன் நான். அது பொய். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் ஓட்டுகிறவன் நான், படித்தது பத்தாவது. விடுமுறை விண்ணப்பத்துக்கு மேல் எதுவும் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும். கடலில் தொழில் செய்கிறவரைப் பார்த்து வழி தெரியாதவர் என்று சொல்வது நமக்கு விளையாட்டுப் பேச்சு. மீனவர் குப்பத்தில் அது கெட்ட வார்த்தையைவிட மோசம். மூன்று வருஷமாக என்னால் அவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நம் பங்குக் கோவிலிலிருந்து முப்பது பேர், சின்னப்பர் கால் பட்ட ஊர்களைப் பார்க்கப் போனோம். பள்ளிக்கூடத்தில் பவுல் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவரைத்தான் பங்கில் பெரியவர்கள் இன்னும் சின்னப்பர் என்கிறார்கள். நானும் உங்கள் அம்மாவும் போவதாக இருந்தது. விசாவுக்குக் கொடுக்கும் சமயத்தில் அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதால், அவள் இடத்தில் அவள் அண்ணனைச் சேர்த்தோம். அதுவரை அவர் விமானத்தில் ஏறியதில்லை. விமான நிலைய வாசலில் அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றாள். அண்ணனுடைய சுகர் மாத்திரை டப்பாவையும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டையும் அவரிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தாள். "எங்கண்ணன் பசிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லாது. மாத்திர போட்டா சாப்புடணும். நீதான் பாத்துக்கணும்" என்றாள். சரி என்றேன். அவர் பக்கத்திலேயே நின்று, "என்னாடி, என்ன எல்கேஜில சேக்கறியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் சைப்ரஸ் தீவில் பாப்போ என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். பைபிளில் வருகிற பாப்போதான். சின்னப்பரைத் தூணில் கட்டி அடித்தது அங்கேதான் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அந்தத் தூண் இன்னும் ஒரு கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது ஒரு மீன்பிடித் துறைமுகம். துறை முனையில் ஒரு சின்னக் கோட்டை. கல் கட்டிய கரையோடு வெள்ளையும் நீலமும் அடித்த படகுகள். மஞ்சள் வலைக் குவியல்மேல் பூனைகள் தூங்கிக்கொண்டிருந்தன. துறையை ஒட்டினாற்போல ரொம்பப் பெரிய மைதானம், கம்பிவேலி போட்டது. அதற்குள்தான் பழைய நகரத்து இடிபாடு எல்லாம். வேலிக்கு வெளியே கடலோரமாக ஒரு நடைபாதை போகிறது. அதில் போனால் பாறையும் மணலுமாகக் குளிக்கிற கரைகள் வரும். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் ஒரு மூலை, வேலிக்குள் இடிபாடு, வேலிக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் ஊர். தூண் இருப்பது ஊருக்குள்.

மறுநாள் விடியும் முன்னே மாமா எழுந்துவிட்டார். ஊரில் போட்டுக்குப் போகிற நேரம் அது, உடம்பு கேட்காது. ஓட்டல் கடலோரத்தில் இருந்தது. வெளியே போய் நின்றுவிட்டு வந்து, போர்வைக்குள் இருந்த என் காலைத் தட்டி, "மாப்ள, இங்க எல்லாம் தலகீழா கீது. சூரியன் கட்டடத்துக்குப் பின்னாலேந்து வருது. கடலு மேக்கால கீது" என்றார். நான் தூக்கத்தில், "சரி மச்சான், கொஞ்ச நேரம் படுங்க" என்றேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. சென்னையில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் கிழக்கு. யாராவது வழி கேட்டால், முதலில் பீச் எந்தப் பக்கம் என்று நினைத்துக்கொண்டு அதிலிருந்துதான் மற்ற மூன்று திசையையும் சொல்வோம். யோசித்துச் செய்வதில்லை இது.

தூணைத் தொடும்வரை பச்சைத்தண்ணீர் தவிர ஒன்றும் எடுப்பதில்லை என்று மாமா ஒருசந்தி வைத்திருந்தார். அம்மாவின் முழங்காலுக்காக நேர்ந்துகொண்டதாம். தூணுக்குக் காலை ஒன்பதுக்கே போய்விடுவோம், பிறகு சாப்பிடலாம் என்பது ஏற்பாடு. ஆனால் பஸ்ஸில் ஏறியதும் வழிகாட்டி அம்மா, அந்தக் கோவிலில் காலையில் கல்யாணம் நடக்கிறது, தூணை மாலை நாலரைக்கு வைத்துக்கொள்வோம் என்றாள். எங்கள் குழுவுக்குத் தலைவராக வந்த உபதேசியார் அதைத் தமிழில் மைக்கில் சொன்னார். நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே மாத்திரையைப் போட்டிருந்தார். காலையில் நான்தான் டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

"மச்சான், ஒருசந்திய விட்டுடுங்க. ரெண்டு இட்லி மாதிரி எதுனா வாங்கியாரேன்."

"இந்த ஊர்ல எவன்டா இட்லி விக்கிறான்?"

"பன்னு, ரொட்டி, எதுனா."

"நேர்ந்துக்கினது யாருக்கு? உன் பொண்டாட்டி காலுக்கு. சும்மா குந்து."

அதோடு விட்டுவிட்டேன். பஸ்ஸில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று ஒரு கூச்சம். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருந்தது. அதையாவது எடுத்து அவர் சட்டைப்பையில் திணித்திருக்கலாம். அது பையோடு பஸ்ஸில் மேல்தட்டிலேயே இருந்துவிட்டது.

மத்தியானம் துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கே ஒரு கிழவர் வலை பிரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மாமா நேரே போய் அவருக்கு எதிரில் குந்திவிட்டார். ஒருவர் பேச்சு மற்றவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. மாமா கையை நீட்டினார். அந்த ஆள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வலை ஊசியைக் கொடுத்தார். கிழிந்த இடத்தில் ஏழெட்டு வலைக்கண் போட்டுத் திருப்பிக் கொடுத்தார் மாமா. அந்த ஆள் முடிச்சை நகத்தால் இழுத்துப் பார்த்துவிட்டுத் தன் தொப்பியை எடுத்து மாமா தலையில் வைத்தார். எங்கள் கூட்டம் கைதட்டியது. நான் போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோவில் மாமா முகம் வேர்த்திருப்பது இப்போது பார்த்தால் தெரிகிறது. அப்போது வெயில் என்று நினைத்தேன்.

எல்லோரும் இடிபாடு பார்க்க டிக்கெட்டுக்கு நின்றோம். மாமா வரவில்லை. "கல்லுல இன்னா கீது? நீ பாத்துட்டு வா. நான் இப்டி கடலோரமா மேக்கால போறேன். அங்க ஒரு மணல் கர கீதாம், தொப்பிக்காரு கைய காட்னாரு. கால நனச்சிக்கினு குந்தி கீறேன். நாலு மணிக்கு பஸ்ஸுதான, வந்துர்றேன்" என்றார். போன் கேட்டேன். ஓட்டல் வைஃபையில் மட்டும்தான் அவர் போன் பேசும், அதனால் அறையிலேயே வைத்துவிட்டிருந்தார். நான் சரி என்று வேலிக்குள் போனேன். உள்ளே தரையெல்லாம் சின்னச் சின்னக் கல் பதித்துப் படம் போட்டிருந்தார்கள். மான், திராட்சைக் கொடி, வேட்டைக்காரன். பல்லிடுக்கில் மாட்டுகிற அளவு கல். உருளைத் தூண்களைத் தடவிப் பார்த்தேன். லேத்தில் பிடித்துக் கடைந்த மாதிரி சுத்தமாக இருந்தன. எப்படிச் சுற்றினான், எதில் பிடித்தான் என்று அதிலேயே நேரம் போய்விட்டது. மாமா ஞாபகம் நடுவில் ஒருமுறைகூட வரவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

நாலு மணிக்கு பஸ்ஸில் இருபத்தொன்பது பேர் இருந்தோம். நாலேகால் ஆயிற்று. உபதேசியார் கீழே இறங்கி நின்றார். நாலரைக்கு, "கோவில அஞ்சரைக்குப் பூட்டிருவாங்களாமே" என்று பின் சீட்டில் ஒரு அம்மா சொன்னது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இருந்தது. "ஒரு ஆளுக்காக முப்பது பேரு" என்று இன்னொருவர். எனக்கு அதெல்லாம் காதில் விழுந்தாலும் மனது மாத்திரையில் இருந்தது. காலை ஏழு மணிக்குப் போட்டது. ஒன்பதரை மணி நேரம், வெறும் வயிறு. கடல் ஓரம். காலை நனைக்கிறேன் என்று இறங்கி அங்கேயே மயங்கினால்? போனில் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. "அண்ணன் சாப்ட்டுச்சா?" என்று எழுதிப் போட்டிருந்தாள். நான் பதில் போடவில்லை.

வழிகாட்டி அம்மாவிடம் ஓடினேன். பத்தாவதோடு நின்ற என் இங்கிலீஷில் மச்சான் வரவில்லை, சுகர், டேப்லட் என்று சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. எந்தப் பக்கம் போனார் என்று கேட்டாள். மாமா என்னிடம் சொன்னது மேற்கே என்று. கடலோரம், மேற்கே. என் மண்டைக்குள் அது அந்தக் கணத்தில் என்ன ஆயிற்று என்று மூன்று வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். கடலோரம் என்றால் கிழக்குதானே, ஏதோ மாற்றிச் சொல்லியிருக்கிறார் என்று நானே அவரைத் திருத்திவிட்டேன். "ஈஸ்ட்" என்றேன். "ஈஸ்ட்?" என்று திரும்பக் கேட்டாள். "யெஸ், ஈஸ்ட் சைடு" என்று அடித்துச் சொன்னேன். கடல் என்ற வார்த்தையைச் சொல்லியிருந்தால்கூடப் போதும். சொல்லவில்லை. கிழக்கு என்று சொன்னாலே கடல் என்று சொன்ன மாதிரிதான் எனக்கு. அவளுக்குக் கிழக்கு என்றால் ஊர்ப்பக்கம், தூண் இருக்கிற பக்கம். ஒருசந்தி இருக்கிறவர் பொறுக்க முடியாமல் தூணுக்கு நடந்தே போயிருப்பார் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. வாசல் காவலாளி ஒருவனையும் கூட்டிக்கொண்டு ஊருக்குள் விரைந்தாள். நானும் அவள் பின்னால் ஓடினேன். எந்தத் திசையில் ஓடுகிறோம் என்று எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அவளுக்குத்தான் ஊர் தெரியுமே.

கோவிலில் இல்லை. தூணைச் சுற்றி மரப்பாலம் போட்டிருந்தார்கள், அதில் நாலு வெள்ளைக்காரர்கள்தான் நின்றார்கள். சந்து சந்தாகப் போனோம். பூட்டிக் கிடந்த கடைகளின் நிழலில், பஸ் நிறுத்தத்தில், ஒரு மருந்துக்கடையில் என்று எல்லா இடத்திலும் வழிகாட்டி அம்மா நின்று நின்று விசாரித்தாள். நான் போனில் இருந்த அந்தத் தொப்பிப் போட்டோவைக் காட்டிக்கொண்டே போனேன். எல்லோரும் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம் போயிற்று. அவள் ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் போன் போட்டாள். திரும்ப பஸ்ஸுக்கு வந்தால் உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின் சீட்டில் குறைபட்ட அந்த அம்மாதான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உபதேசியார் என் தோளில் கை வைத்து, "வீட்டுக்குத் தகவல் சொல்லிடலாமா தம்பி?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் கடலைப் பார்த்து நின்றேன்.

வெயில் முகத்தில் நேராக அடித்தது. கண் கூசியது. சாயங்காலம் கடலைப் பார்த்து நின்றால் கண் கூசுமா? பட்டினப்பாக்கத்தில் நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அஞ்சு மணிக்குக் கரையில் நின்றால் நம் நிழல் நமக்கு முன்னால் நீண்டு அலைவரைக்கும் போகும். சின்னவன் அதை மிதிக்கிறேன் என்று தண்ணீருக்குள் ஓடுவான். நான் குனிந்து என் நிழலைத் தேடினேன். முன்னால் இல்லை. பின்னால் பஸ் சக்கரத்தின்மேல் கிடந்தது. காலையில் காலைத் தட்டி அவர் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வேலிக்கு வெளியே அந்தக் கடலோரப் பாதையில் ஓட ஆரம்பித்தேன். பை பஸ்ஸில் இருக்கிறது, குளுக்கோஸ் பையில் இருக்கிறது என்பது பாதி தூரம் போன பிறகு ஞாபகம் வந்தது. திரும்பினால் நேரம் போகும். திரும்பவில்லை.

ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கம் தாண்டி, பாறைக்கு நடுவில் சின்னதாக மணல்கரை. குடைகள், துண்டுகள், பிள்ளைகள். ஓரத்தில் ஒரு பாறையில் முதுகைச் சாய்த்து, தொப்பியை மடியில் வைத்து மாமா உட்கார்ந்திருந்தார். வெயில் காய்கிற மனிதர் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. "மச்சான்" என்று உலுக்கினேன். கண் திறந்திருந்தது, பார்வை என்மேல் இல்லை. நாக்கு குழற, "வலய இழுடா... எவன்டா நீ... கய்த, இழுடா" என்று என் கையைத் தள்ளிவிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தேன். ஐந்தடியில் ஒரு குட்டிப் பெண், நாலு வயது இருக்கும், ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். போய்ப் பிடுங்கினேன். கேட்கவில்லை. அதனிடம் கேட்க அந்த ஊர் பாஷையும் எனக்குத் தெரியாது. அது வீறிட்டது. அதன் அம்மா கத்திக்கொண்டே எழுந்து வந்து என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். நான் மாமாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினேன். பாதி வெளியே வழிந்தது. "முழுங்குங்க மச்சான், முழுங்குங்க." சட்டையை இழுத்த கை நின்றது. அந்த அம்மா என்னைத் தாண்டி வந்து மாமா தலையைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டாள். தன் பையிலிருந்து இன்னொரு பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் மணி இருக்கலாம். அந்தப் பெண்குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு எதிரில் நின்று வேடிக்கை பார்த்தது. மாமாவின் கண் மெல்ல மெல்ல வந்து என்மேல் நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடலைப் பார்த்தார், சூரியன் இருக்கிற உயரத்தைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, இம்மா நேரம்?"

நான் இரண்டாவது பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன்.

"மூணரைக்கே கையி கால் ஒதற ஆரம்பிச்சிருச்சி. எந்திரிக்க முடில. சரி, மாப்ளைக்குத்தான் சொல்லிக்கீறமே, நாலு மணிக்கு காணோம்னா வந்துருவான்னு குந்திக்கினேன்" என்றார். பிறகு, குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி, "நான் சொன்ன எடத்துலதான கீறேன்?" என்றார்.

"ஆமா மச்சான். நான்தான்... கெழக்குன்னு சொல்லிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "கட்டடத்துக்குப் பின்னால வருதுன்னு காலைலயே சொன்னனே" என்று மட்டும் சொன்னார். அந்தக் குழந்தையைக் கூப்பிட்டுத் தொப்பியை அதன் தலையில் வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து எழுந்தார்.

இதுவரை நடந்ததில் எனக்கு ஒரு மன்னிப்பு இருக்கலாம். பதற்றம், பழக்கம் என்று சொல்லலாம். இனிமேல் எழுதுவதற்கு அப்படி ஒன்றும் இல்லை. பஸ்ஸை நெருங்கியபோது எல்லோரும் இறங்கி ஓடி வந்தார்கள். வழிகாட்டி அம்மா மாமாவைக் கட்டிப்பிடித்தாள். உபதேசியார் என்னைப் பார்த்து, "எங்க போய்ட்டாரு? நாங்க ஊரெல்லாம் தேடினோமே?" என்று கேட்டார். முப்பது முகமும் என் பக்கம் திரும்பியது. கோவில் பூட்டியாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். என் வாய், "வழி தவறிட்டாரு" என்றது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மாமா என் தோளில்தான் கை போட்டிருந்தார். அந்தக் கை ஒரு நொடி கனத்தது, பிறகு லேசாயிற்று. எடுத்துவிட்டார். "ஆமாப்பா, வழி தெர்ல. மன்னிச்சிக்கங்க" என்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். "கடல்ல திக்கு பாக்குறவருக்கு கரைல திக்கு தெரிலயே" என்று யாரோ சொல்ல, பயம் விட்ட சந்தோஷத்தில் பஸ்ஸே சிரித்தது. வழிகாட்டி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால், ஈஸ்ட் என்று நான் அடித்துச் சொன்னதை நினைத்து அங்கேயே என்னை ஒரு பார்வை பார்த்திருப்பாள். தூண் இருந்த இடத்தில் பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தினார்கள். பூட்டிய கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமா மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்டதில்லை.

ஊருக்கு வந்ததும் கதை எனக்கு முன்னால் குப்பத்துக்குப் போய்விட்டது. கூட வந்தவர்களில் இரண்டு குடும்பம் அந்தப் பக்கம்தான். ஒரு வாரத்தில் மாமாவுக்கு 'பாப்போ' என்று பேர் விழுந்தது. வலை காணாமல் போனால் "பாப்போவ கேளு", பஸ் தப்பான வழியில் திரும்பினால் "டிரைவரு பாப்போ". மாமா போட்டில் பின்னால் என்ஜினைப் பிடித்து உட்காருபவர். அந்த இடத்தில் உட்காருபவர் சொல்கிற பக்கம்தான் போட் போகும். போட்டில் அவருடைய கூட்டாளியின் மகன் ஒருநாள், "மாமா, உனக்கு சுகரு வேற, நீ முன்னால குந்து, நான் புடிக்கிறேன்" என்றானாம். மரியாதையாகத்தான் சொன்னான். முன்னால் உட்கார்ந்து ஆறேழு மாதம் போனார். பிறகு போவதைக் குறைத்துக்கொண்டு மாமியோடு மீன் கடையில் உட்கார ஆரம்பித்தார். உடம்பினாலும் இருக்கலாம், கண்ணும் மங்கிவிட்டது. எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நான் சொன்ன இரண்டு வார்த்தையும் அதில் இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

ஞாயிறு சாயங்காலம் நீங்கள் டியூஷனுக்குப் போன பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை உரித்தாள். "மூணு வருஷமா நானே எத்தன வாட்டி எங்கண்ணன கேலி பண்ணிக்கீறேன்" என்றாள். பிறகு, "என்கிட்ட சொல்லி இன்னா ஆவுது? குப்பத்துல போய் சொல்லு" என்று எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து என்னிடம் வேண்டியதற்கு மட்டும்தான் பேசுகிறாள். நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

நேற்று ஷிப்ட் முடித்து நேரே பட்டினப்பாக்கம் போனேன். சாயங்காலம் படகுகளுக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் வலை பிரித்துக்கொண்டிருப்பார்கள். மாமாவும் அங்கே குந்தியிருந்தார். கூட்டாளியின் மகனும் இருந்தான். "வா மாப்ள, கட பக்கம்தான் வந்தியா?" என்றார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நின்றபடியே சொன்னேன். கடலோரமா மேக்கால போறேன்னு இவரு சொன்னாரு, நான்தான் கெழக்குன்னு மாத்திச் சொன்னேன், சொன்ன எடத்துலயே இவரு குந்தியிருந்தாரு, வழி தவறிட்டாருன்னு நான்தான் பொய் சொன்னேன். அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று வருஷம் சொல்லாமல் வைத்திருந்தது அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

ஒரு பெரியவர் பீடியை மணலில் குத்தி அணைத்தார். "அட பாவி, கடல்னாலே கெழக்குதானா? ராமேஸ்வரம் போனா இன்னா பண்ணுவ?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு இந்த முறை என் பக்கம் வந்தது. கூட்டாளியின் மகன் சிரிக்கவில்லை. கையிலிருந்த வலையை மடித்து வைத்துவிட்டு, "மாமா, நாளைக்கு வாட காத்து திரும்பிருமா? கடல்ல எறங்கலாமா?" என்று கேட்டான். மாமா எழுந்து அலைவரை போய் நின்று, தலையைத் தூக்கி, கன்னத்தைக் காற்றுக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தார். "இன்னும் ரெண்டு நாளு தெக்கத்தி காத்துதான். எறங்கு. வெயில் ஏறுறதுக்குள்ள கர சேந்துரு" என்றார். அவன் தலையாட்டினான்.

என்னோடு பஸ் நிறுத்தம்வரை மாமா வந்தார். கூட்டமான நேரம், பஸ் வரவில்லை. என் பக்கம் திரும்பாமல் ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"நீயா வந்தியா, தங்கச்சி அனுப்புச்சா?"

நானாகத்தான் வந்தேன் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. அவருக்கும் அதைக் கேட்கத்தான் ஆசை என்று தோன்றியது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

"அவதான் மச்சான் அனுப்பினா."

மாமா தலையை மெதுவாக ஆட்டினார். பஸ் வந்து நின்றது. முதுகில் கை வைத்து, "ஏறு" என்றார்.